முப்பத்தொரு பேருக்கு ஒரு ஜோடிக் கால்

மாதத்தின் முதல் தேதி காலை ஒன்பதரைக்குள் மோனிஷா ஏழு பேராக நின்று முடித்திருந்தாள். எட்டாவதாக அவள் ஹர்ஷினியாக நிற்க வேண்டும். ரேஷன் கடையின் திரைக்குப் பின்னால் தரையோடு பதித்திருந்த எடைப் பலகையில் வெறுங்காலுடன் நின்றபடி, "ஹர்ஷினிக்கு எத்தனைக்கா?" என்று கேட்டாள்.

"பதினெட்டு," என்றாள் யாழினி.

யாழினி அந்தக் கடையின் விற்பனையாளர். பதினெட்டு என்று அவள் சொன்னது ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டுகளை. மோனிஷாவின் காலருகே பதினெட்டையும் அடுக்கினால் பலகை ஐம்பத்தாறு கிலோ என்று காட்டும். திரைக்கு வெளியே நின்ற ஹர்ஷினி முகத்தைக் கேமராவுக்குக் காட்டிவிட்டுக் கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தாள். நிஜத்தில் அவள் எண்பத்தொரு கிலோ. முகமும் விரலும் அவளுடையவை, கால் மட்டும் மோனிஷாவுடையது. பச்சை விளக்கு எரிந்தது. முழு அரிசி, ஒரு கிலோ சீனி.

இயந்திரத்தைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கேட்கச் சொன்னதை அது கேட்கும். கேட்க மறந்தவர்கள் எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

யாழினி, ஹர்ஷினி, மோனிஷா என்ற பெயர்களெல்லாம் அத்தைமார் பெயர்களாகிவிட்ட காலம் அது. வீட்டுக்கு ஒருவர் சுகர் என்றிருந்தது போய் வீட்டுக்கு இரண்டு பேர் என்று ஆனபோது, அரசாங்கம் அரிசிக்கும் உடம்புக்கும் முடிச்சுப் போட்டது. உயரத்துக்கு இவ்வளவு எடை என்று ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் அரிசி பாதி, சீனி கிடையாது, பதிலுக்குக் கம்பு. போதாததற்குக் கடைவாசலில் ஒளிரும் பலகையில் பெயர் சிவப்பாக ஓடும். குடும்பத்தில் எல்லோரையும் பலகையில் நிறுத்தினால் வேலை ஓடாது என்று குடும்பத் தலைவியை மட்டும் நிறுத்தினார்கள். ஆக, அவள் எடைதான் அந்த வீட்டின் எடை. அவள் இடுப்பு பெருத்தால் மூன்று பிள்ளைகளும் புருஷனும் மாமியாரும் பாதி அரிசிக்கு வர வேண்டும். மதுரையின் தெற்குக் கோடியில் இருந்த பழைய ரைஸ்மில் தெருவில் இதற்காக நடந்த சண்டைகளைச் சொல்லி மாளாது.

ஒரே ஒரு சலுகையைப் பெண்கள் போராடி வாங்கினார்கள். ஆம்பிளைகள் வரிசையில் நிற்க, எல்லார் கண்முன்னாலும் எடை ஏறி நிற்க மாட்டோம், மறைப்பு வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து திரை வந்தது. திரை வந்த மறுமாதமே திரைக்குப் பின்னால் மோனிஷாவும் வந்தாள்.

ஆரம்பித்துவைத்தது யாழினிதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹர்ஷினி கடைவாசலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன்னால ஏம்பேரப்புள்ளைக கம்பு திங்கிதுகன்னு மாமியா தட்டத் தூக்கி எறியுறாகக்கா. நானா வேணும்னு ஊதுறேன்? மூணு நாளா வெறும் தண்ணிதான் குடிக்கிறேன், முள்ளு எறங்க மாட்டேங்குது," என்றாள். அந்தப் பேச்சு யாழினிக்கு அந்நியமில்லை. அவளே எண்பத்தெட்டு கிலோ. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மூட்டை' என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். கடை ஊழியர்களைத் தலைமை அலுவலகத்தில் வைத்து நிறுப்பார்கள் என்பதால் அவளால் தப்பிக்க வழியில்லை. ஆறு வருஷமாக அவள் பெயர் அவள் கடை வாசலிலேயே சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று தெருமுனை ஆட்டோ சார்ஜ் நிலையத்திலிருந்து தண்ணீர் கேட்டு வந்த மோனிஷாவைப் பார்த்ததும் யாழினிக்கு அந்த யோசனை வந்தது.

மோனிஷா ஊதினால் பறக்கிற உடம்பு. திண்டுக்கல் பக்கம் புருஷனை விட்டுவிட்டு ஒற்றைப் பையோடு வந்தவள். அவள் பெயர் இன்னும் அவன் அட்டையில்தான் கிடந்தது. இங்கே அவளுக்கு அட்டையும் இல்லை, அரிசியும் இல்லை. நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டோக்களுக்குச் சார்ஜ் வயரை மாட்டுவதும் கழற்றுவதும்தான் வேலை. ஒரு ஹர்ஷினிக்காக ஏறி நின்றவள், ஆறு மாதத்துக்குள் முப்பத்தொரு வீட்டுக்கு ஏறி நின்றாள்.

கால் கொடுத்தவளைக் கை நனைக்காமல் அனுப்பலாமா? தெருவுக்கு அந்த மரியாதை தெரியும். மாதத்துக்கு முப்பது முப்பத்தொரு நாள், வரம்பு தாண்டிய முப்பத்தொரு வீடு. நாளுக்கு ஒரு வீடு என்று அமைந்துவிட்டது. தன் முறை வருகிற வீடு அன்றைக்கு விருந்து வீடாகிவிடும். சோற்றைக் குவித்துக் குழி பறித்துக் குழம்பு ஊற்றுவார்கள். வடை, பாயசம், கேசரி, போகும்போது கையில் இரண்டு அதிரசம். "எத்தன போட்டாலும் ஒட்ட மாட்டேங்குதே, குடுத்துவச்ச ஒடம்பு," என்று சொல்லி இன்னொரு கரண்டி வைப்பார்கள். தங்கள் தட்டில் தைரியமாகப் போட முடியாததையெல்லாம் அவள் தட்டில் போட்டுப் பார்த்து ஆசை தீர்த்துக்கொண்டார்கள். மோனிஷாவும் மறுக்கவில்லை. திண்டுக்கல் வீட்டில் அவள் சாப்பிட்டாளா என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே முப்பத்தொரு வீடு கேட்டது.

அடுத்த மாதம், ஆவணியில், பழைய பலகையைக் கழற்றிக்கொண்டு போய்ப் புதுப் பலகை பதித்தார்கள். பதித்த மெக்கானிக்கிடம் என்ன விசேஷம் என்று யாழினி கேட்டாள். "அதே மாதிரிதான் மேடம், கொஞ்சம் அட்வான்ஸ்," என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த கடைக்கு ஓடினான். யாழினி வழக்கம்போல் மோனிஷாவை நிறுத்தினாள், பருப்பை அடுக்கினாள். அந்த மாதம் விளக்கு எதுவும் எரியவில்லை. 'முடிவு பின்னர் வரும்' என்று மட்டும் இயந்திரத்தில் எழுத்து வந்தது.

முடிவு எட்டாம் நாள் வந்தது. முப்பத்தொரு பெயரும் சிவப்பு. சாதாரணச் சிவப்பு கூட இல்லை. விட்டு விட்டு மின்னுகிற சிவப்பு. வாசல் பலகையைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இன்னொரு அதிசயத்தை யாழினி மட்டும்தான் கவனித்தாள். தலைமை அலுவலகத்தில் அதே மாதிரிப் புதுப் பலகையில் போன வாரம் நின்றுவிட்டு வந்த அவள் பெயர், ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பச்சையில் ஓடியது.

மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள்.

அடுத்த நாள் காலை, அந்த வட்டாரத்துக் கடைகளையும் அட்டைகளையும் மேற்பார்க்கும் மருத்துவ அலுவலர் வந்தார். டாக்டர் ரித்விக், முப்பது வயது இருக்கும். நல்ல வெயிலில் நடந்தே வந்து, கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"உங்க கடையில இருந்து வந்த அளவுகளப் பாத்து எனக்கு ரெண்டு நாளாத் தூக்கம் இல்லங்க. முப்பத்தொரு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவுல, ஒரே மோசமான நிலையில இருக்காங்க. இந்தத் தெருத் தண்ணியில ஏதோ கலந்திருக்குன்னு நினைக்கிறேன்."

"புதுப் பலகை அப்படி என்னத்த சார் பாக்குது?" என்றாள் யாழினி.

"எடையும் பாக்கும், ஆனா அது முக்கியம் இல்ல. உள்ளங்கால் வேர்வை, நரம்பு, ரத்தம் ஓடுற வேகம், இதையெல்லாம் பாத்து ஒடம்பு சக்கரையை எப்படிச் சமாளிக்குதுன்னு சொல்லிரும்."

"குண்டா இருந்தாத்தான சுகர் வரும்? அதுக்குத்தான இத்தன வருஷம் நிறுத்தீங்க?"

டாக்டர் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். "எடை கூடக்கூட ஆபத்து கூடுங்கிறது உண்மை. அதுவும் வயித்துல சேந்தா இன்னும் கூடும். ஆனா எடை மட்டும் கதையச் சொல்லாது. கொழுப்பு தோலுக்கு அடியில தங்குனா ஒரு மாதிரி, ஈரலுக்குள்ளயும் கணையத்துக்குள்ளயும் போயி ஒக்காந்தா வேற மாதிரி. பாத்தா ஈர்க்குச்சி மாதிரி இருப்பாங்க. கையில கால்ல சதையே இருக்காது, ஆனா ஈரல் பூரா கொழுப்பா இருக்கும். சாப்பிட்ட சக்கரைய வாங்கி வச்சுக்கிறது சதைதான். சதையே இல்லைன்னா அது எங்க போகும்? ரத்தத்துலயே சுத்தும். நம்ம ஊர்ல இப்படிப்பட்டவங்க ரொம்பப் பேர். ஒல்லியா இருக்காங்கன்னு யாரும் அவங்களப் பரிசோதனை பண்றதே இல்ல."

யாழினி கையிலிருந்த பில் சுருளைக் கீழே வைத்தாள். "எம்பேரு பச்சையில ஓடுது. அது தப்புத்தான?"

டாக்டர் கையிலிருந்த கருவியில் தேடிப் பார்த்தார். "தப்பு இல்லைங்க. நீங்க மூட்டை தூக்குறீங்க, நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கீங்க. உங்க ஒடம்பு சமாளிக்குது. எப்பவும் சமாளிக்கும்னு எழுதித் தர முடியாது. கொஞ்சம் எடை குறைஞ்சா இன்னும் நல்லது. ஆனா இன்னைக்கு உங்களுக்குச் சுகர் இல்ல."

யாழினியின் நாற்பத்தாறு வயதுக்குள் ஒரு மனிதன் அவள் உடம்பைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள யாழினியால் முடியவில்லை. திரும்பித் திரைப் பக்கம் பார்த்தாள்.

"அந்த முப்பத்தொரு பேரு... என்ன ஆகும் சார் அவுகளுக்கு?"

"இந்த அளவு இருந்தா நிறையத் தாகம் எடுக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போவாங்க. தின்னாலும் ஒடம்பு இளைச்சுக்கிட்டே வரும். கால்ல உணர்ச்சி செத்திருக்கும், முள்ளு குத்துனாக்கூடத் தெரியாது. புண்ணு வந்து உள்ளுக்குள்ளயே புரையோடும். இப்படியே விட்டா ஒரு வருஷம் தாங்குறதே பெரிசு." அவர் எழுந்துகொண்டார். "சனிக்கிழமை இங்கயே முகாம் போடுறேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க, ரத்தம் எடுத்துப் பாத்திருவோம்."

அவர் போனதும் யாழினி கடையைச் சாத்திவிட்டுத் திரையை விலக்கினாள். பலகையின் இடது ஓரத்தில் துருப் போல ஒரு கறை. வெறும் துருவாக இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள். துணி சிவந்தது.

சார்ஜ் நிலையத்தில் மோனிஷா சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

"காலக் காட்டு," என்றாள் யாழினி.

"எதுக்குக்கா?"

"காட்டு மோனி."

இடது பாதத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, சார்ஜ் வயரின் சின்னத் திருகாணி ஒன்று தலைவரை புதைந்திருந்தது. சுற்றிலும் சதை கறுத்திருந்தது. மோனிஷா குனிந்து யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது எப்பக்கா ஏறுச்சு? வலிக்கவே இல்லையே," என்றாள்.

யாழினி மனசுக்குள் பருப்புப் பாக்கெட்டுகளை எண்ணினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹர்ஷினிக்குப் பதினான்கு பாக்கெட் போதும். போன வருஷம் பதினாறு. இப்போது பதினெட்டு. ஹர்ஷினியின் கணக்கு ஐம்பத்தாறு, அது மாறவேயில்லை. இளைத்துக்கொண்டே வந்தவள் பலகைமேல் நின்றவள். ஒவ்வொரு பாக்கெட்டையும் யாழினி தன் கையால்தான் கூட்டி வைத்தாள். எடையை வைத்து ஊரே தன்னைத் தப்பாகப் படித்தது என்று காலமெல்லாம் பொருமியவள், அதே எடையை வைத்து இவளைத் தப்பாகப் படித்திருக்கிறாள். அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

உடனே ஆட்டோ பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கேயும் வாசலில் பலகைதான். அட்டைக்கு உரிய விரலும் பலகைமேல் காலும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்; நோயாளியோ, பார்க்க வந்தவரோ, எல்லோருக்கும் அதே சட்டம். மோனிஷா விரலை வைத்தாள். திண்டுக்கல்காரன் எப்போதோ அவள் பெயரை நீக்கியிருந்தான். 'பெயர் இல்லை' என்றது இயந்திரம். யாழினியின் அட்டையில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, விண்ணப்பித்து அலுவலர் கையெழுத்து வாங்க ஆறு மாதம் ஆகும் என்றார் காவலாளி. திரும்பும் வழியில் ஒரு தனியார் டாக்டர் திருகாணியை எடுத்துக் கட்டுப்போட்டார். "இது இங்க பாக்கிற கேஸ் இல்லம்மா, படுக்க வச்சு வைத்தியம் பாக்கணும். நாள் கடத்தாதீங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குள் பெண்கள் கூடினார்கள். யாழினி எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஹர்ஷினிதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, நாளைக்கு நம்ம ரத்தத்தத்தான எடுப்பாக? நமக்கு ஒண்ணும் இருக்காது. பலகை பொய் சொல்லுதுன்னு கழட்டிட்டுப் போயிருவாக. பழைய பலகையே வந்துரும். மோனிய நம்ம எல்லாரும் சேந்து வெளிய வைத்தியம் பாத்துக்கிருவோம்."

"எம்புட்டு நாளைக்குப் பாப்பீக? டாக்டர் படுக்க வைக்கணும்னு சொல்லுறாரு."

"அதுக்காக? உண்மையச் சொன்னா முப்பத்தொரு அட்டையும் போயிரும்க்கா. ஒன் வேலையும் போகும். ஏம்புள்ளைக என்னத்தத் திங்கும்?" ஹர்ஷினியின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "இன்னைக்கு வீட்டுக்கு வா மோனி, கறி எடுத்துருக்கேன். சாப்புட்டாச் சரியாப் போயிரும்."

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மோனிஷா தலையாட்டினாள். "ஹர்ஷினிக்கா சொல்லுறதுதான் சரி. என்னால யார் சோத்துலயும் மண்ணு விழ வேணாம். எனக்கு என்ன இப்ப, நல்லாத்தான இருக்கேன்," என்றாள். சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்து முழுவதையும் குடித்தாள்.

சனிக்கிழமை கடைவாசலில் பந்தல் போட்டு டாக்டர் முகாம் நடத்தினார். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிஷத்தில் விடை. முதல் ஆறு பேருக்கு ஒன்றுமில்லை. ஏழாவது ஆளுக்கு லேசாகக் கூடுதல், அவ்வளவுதான். ஹர்ஷினி மட்டும் வயிற்றுவலி என்று வரிசையில் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். பதினொன்றாவது ஆள் முடிந்ததும் டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"பலகைதான் தப்புப் போலங்க," என்று யாழினியிடம் மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரி, ஆபீஸ் போக, கடைகள்ல இந்தப் பலகையச் சோதனைக்காக நாலே இடத்துலதான் போட்டாங்க. மத்த மூணுலயும் சரியாத்தான் இருக்கு. ஆனா முப்பத்தொரு தப்புன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழைய எடைப் பலகையே போதும்னு சொல்லிருவாங்க. நான் எதிர்பார்க்கல."

வரிசையில் நின்ற முகங்களில் நிம்மதி பரவியது. யாரோ சிரித்தார்கள். யாழினி அந்தச் சிரிப்பைக் கேட்டாள்; திரைக்குப் பின்னால், கட்டுப்போட்ட காலோடு சாக்கில் உட்கார்ந்திருந்தவள் இருமுவதையும் கேட்டாள். யாழினிக்குப் பதினெட்டு வருஷ வேலை அது. அதை விட்டால் வேறு வேலை தெரியாது. அவள் கடைக்குள் போய்த் திரையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"பலகை சரியாத்தான் சொல்லுது சார்," என்றாள். "காலுதான் தப்பு."

திரையை முழுவதும் விலக்கினாள்.

டாக்டர் மோனிஷாவைப் பார்த்தார், பருப்புப் பாக்கெட்டுகளைப் பார்த்தார், முப்பத்தொரு பெண்களைப் பார்த்தார். விஷயம் மண்டையில் ஏற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "தண்ணியில, அரிசியில எல்லாம் தேடுனேன். ஒரே ஆளா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல," என்றார். பிறகு தரையில் மண்டியிட்டு மோனிஷாவின் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் நிமிராமலே.

"எனக்கு மட்டுந்தான் சார். கைநாட்டு மட்டும் வைங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்னு இவுககிட்டச் சொன்னது நானு. இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒருத்தியாவது மறுத்துச் சொல்லுவாள் என்று யாழினியின் மனசின் ஒரு மூலை காத்திருந்தது. முப்பத்தொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. பிள்ளைக்காரிகள், வேறென்ன செய்வார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"உடனே சேக்கணும். இவங்க எந்த அட்டை?" என்று டாக்டர் கேட்டார்.

"அட்டை இல்ல. என் அட்டையில சேத்துக்குங்க. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்ல?"

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"தங்கச்சின்னு போடுங்க."

கையெழுத்துப் போட்ட பேனாவாலேயே அவர் யாழினியைத் தற்காலிக வேலை நீக்கம் செய்கிற தாளிலும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார். முப்பத்தொரு அட்டைகளும் முடக்கப்பட்டன. ஆனால் ஒரு வழி இருந்தது. அவரவர் வந்து, அவரவர் காலில், புதுப் பலகையில் ஒரு முறை நின்றால் அட்டை திறந்துவிடும்; உடம்பு என்ன சொல்கிறதோ அதற்கேற்ற அரிசி, அதற்கேற்ற வைத்தியம். எடைக்காக யாருக்கும் அரிசி குறையாது என்று டாக்டர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்.

மூன்று வாரமாகியும் ஒருத்திகூட வரவில்லை. வெளிக்கடையில் விலைக்கு அரிசி வாங்கித் தின்றார்கள். பட்டினியைவிடப் பலகைதான் அவர்களுக்குப் பயமாக இருந்தது. எண்பது கிலோ என்று அது சொன்னால் கூசிப்போய் நின்றுவிடலாம், பழகிப்போன கூச்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிட்டால்? தெரியாதவரைக்கும் நோய் இல்லை என்பது தெருவின் சித்தாந்தம். யாழினி எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் மோனிஷாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது, உயிரும் தப்பியது. ஊசி மருந்தில் சுகர் இறங்க ஆரம்பித்ததும் கண் தெளிந்தது, தாகம் அடங்கியது. தினமும் காலையில் யாழினி உள்ளே போனதும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தெருவுல இருந்து யாராச்சும் வந்தாகளாக்கா?"

"ஒன்னப் பத்திக் கேட்டாக," என்று யாழினி பொய் சொல்வாள். மோனிஷா அதை நம்புவதுபோல் தலையாட்டுவாள். முப்பத்தொரு வீட்டில் தன்னை உட்காரவைத்துப் பரிமாறியது தன் காலுக்காகத்தானா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆர்.ஓ. தண்ணீர் பிடிக்க வார்டைவிட்டு வெளியே வந்த யாழினி வாசலுக்கு அந்தப் பக்கம் ஹர்ஷினியைப் பார்த்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. வெயிலில் முகம் வேர்த்து வழிந்தது. எத்தனை நேரமாக நிற்கிறாளோ. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் பலகை. இங்கே அதற்குத் திரை கிடையாது. பின்னால் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

யாழினி கதவருகே போனாள். கதவிடுக்கு வழியாக ஹர்ஷினி தூக்குச்சட்டியை நீட்டினாள். "கீரையும் முட்டையும் அவிச்சிருக்கேன். ஒரு கரண்டி சோறுதான் வச்சிருக்கேன். நர்ஸுகிட்டக் கேட்டுட்டுக் குடு."

"நீயே குடேன்."

"என்னால உள்ள வர முடியாதுக்கா. நிக்கச் சொல்லுறாக." ஹர்ஷினி பலகையைப் பார்த்தாள், வரிசையில் நின்ற ஆம்பிளைகளைப் பார்த்தாள். "அன்னைக்கு வாயத் தொறக்கல நானு. அவ என்ன சொன்னா என்னப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. யாராச்சும் வந்தாகளான்னு மட்டும் கேப்பா."

ஹர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நின்றவர் ஒருவர், "போறதுன்னா போங்கம்மா, இல்லைன்னா வழிய விடுங்க," என்றார். அவள் வழிவிடவில்லை. செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பலகையில் ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்தாள்.

எடை எண்பத்து மூன்று என்று எல்லோரும் பார்க்கத் தெரிந்தது. மருத்துவமனைப் பலகை எட்டு நாள் எடுத்துக்கொள்ளவில்லை; எடையின் கீழே உடனே சிவப்பு மின்ன ஆரம்பித்தது.

காவலாளி இயந்திரத்தின் எழுத்தைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்களுக்கும் வைத்தியம் பாக்கணும்னு காட்டுது. வலது பக்கம் மூணாம் நம்பர் ரூம்ல டாக்டர் இருக்காரு, இப்பவே பாத்திருங்க."

ஹர்ஷினி அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். கதவு திறந்திருந்தது. பலகையைவிட்டு இறங்கி யாழினியின் கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பாக்குறேன்ணே," என்றாள். "மொதல்ல மோனியப் பாத்துட்டு வந்துர்றேன்."